மூன்றாவது பிடி

டாக்டர் ஷிபு நல்ல மனிதர்தான். ஆனால் பல் டாக்டர்களுக்கே உரிய குணம் ஒன்று அவரிடமும் இருந்தது. வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, "வேதனை உண்டோ மோளே?" என்று தன் மலையாளத் தமிழில் கேட்பார். விஷ்ணுப்ரியா கண்ணை உருட்டி அவருக்குப் பதில் சொன்னாள்.

பதினேழு வயதில் அவளுக்கு ஞானப்பல் நாலும் ஒன்றாக முளைக்கப் பார்த்து, இடமில்லாமல் தாடைக்குள்ளேயே சாய்ந்து கிடந்தன. பிளஸ் டூ பாடம் சூடுபிடிப்பதற்குள் நாலையும் ஒரே நாளில் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் காலை ஒன்பது மணிக்குக் கிளினிக்குக்குள் போனார்கள். பதினொன்றரைக்கெல்லாம் நாலு பல்லும் ஒரு தட்டில் கிடந்தன.

"அம்மை ஒண்ணும் பேடிக்கண்டா, பயம் வேண்டா," என்றார் டாக்டர், விஷ்ணுப்ரியாவின் தாய் ராஜஸ்ரீயிடம். "இன்னைக்குத் துப்பக் கூடாது. ஸ்ட்ரா வச்சு உறிஞ்சக் கூடாது. பேச்சு வேண்டா. பஞ்சை நல்லா கடிச்சுப் பிடிக்கட்டும். ரெண்டு கன்னத்திலும் ஐஸ் வைக்கணும். நாளைக்கும் மறுநாளைக்கும் வீக்கம் கூடும், அது சாதாரணம். பின்னே, மூணு திவசத்துக்கு ரைஸ் மாத்திரம் வேண்டா, கேட்டோ. ஒரு மணி அரிசி அந்தக் குழிக்குள்ளே போயி இருந்தா இன்ஃபெக்ஷன் ஆகும்."

ராஜஸ்ரீ எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். கல்லூரி அலுவலகத்தில் இருபது வருஷம் பைல் பார்த்தவள். எழுதியதை அட்சரம் பிசகாமல் செய்வாள். பெண்ணும் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

கரமனையில் ஆற்றுக்குப் போகும் தெருவில் அவர்கள் வாடகைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெகுநாள் பூட்டிக் கிடந்த வீடு. வீட்டுக்காரர் மும்பையில் இருந்தார். எதிர்வீட்டுச் சாம்பசிவன் மாமாதான் சாவி கொடுத்தார். ஏன் பூட்டிக் கிடந்தது என்று ராஜஸ்ரீ கேட்கவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்தில், கிணற்றில் நல்ல தண்ணீர், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

ஆட்டோ வாசலில் நின்றபோது வானம் கறுத்து, ஆற்றுப் பக்கமிருந்து ஈரக் காற்று அடித்தது. பெண்ணைக் கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்தாள். ஐஸ் பையை இரண்டு கன்னத்திலும் வைத்தால் ஒன்று நழுவியது, மற்றது கழுத்துக்குப் போயிற்று. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பிடித்துக்கொள்ளவும் கை நிற்கவில்லை.

ராஜஸ்ரீக்கு ஒரு யோசனை பிறந்தது. கணவன் வெங்கிடேஷ் பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய வேட்டியிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்தாள். அதைப் பெண்ணின் தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு ஐஸ் பைகளையும் சேர்த்து அணைத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். கச்சிதமாக நின்றது. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கே ஒரு பெருமை.

விஷ்ணுப்ரியா போனில் எழுதிக் காட்டினாள்: "ஃபோட்டோ எடுத்து அப்பாக்கு அனுப்பினே, கொன்னுடுவேன்."

"போடி, அழகாத்தான் இருக்கே. கண்ணை மூடிண்டு தூங்கு."

மழை கொட்டத் தொடங்கியது. பின்கட்டில் காய்ந்த துணி நினைவு வந்து ராஜஸ்ரீ ஓடினாள். துணியை வாரிக்கொண்டு திரும்புவதற்குள் கரண்ட் போயிற்று. மத்தியானம் இரண்டு மணிதான், ஆனால் அந்தக் கூடத்துக்கு ஒரே ஜன்னல். இருட்டு மூலையிலிருந்து மூலைக்குப் பரவிவிட்டது. எமர்ஜென்சி லைட்டும் சமயத்தில் காலை வாரிவிட்டது. பெண் விழித்தால் பயப்படுவாளே என்று, பூஜை அறையிலிருந்து சின்ன விளக்கை எடுத்து ஒற்றைத் திரி போட்டு ஏற்றிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள்.

தாடைக்குக் கட்டு. தலைமாட்டில் விளக்கு. தாய் மனசு அதில் குளிர்ச்சியையும் வெளிச்சத்தையும் மட்டும்தான் பார்த்தது.

சமையலறைக்குப் போனபோது அரிசி டப்பாவின் மூடி திறந்து கீழே கிடந்தது. காலையில் அவசரத்தில் மூட மறந்திருப்போம் என்று மூடினாள். விளிம்பில் விரல் பட்ட ஈரம் இருந்தது. சானிடைசர் வாடை அடித்தது. கிளினிக் வாடை இன்னும் நம் கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று புடைவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

கரண்ட் இல்லாமல் ஐஸ் கரைய ஆரம்பித்திருந்தது. எதிர்வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. குடையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

"கொழந்தைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே சாம்பசிவன் மாமா ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

"தூங்கறா மாமா. ஆத்துல தனியாத்தான் இருக்கா, சீக்கிரம் குடுங்கோ."

கையில் போன் அதிர்ந்தது. விஷ்ணுப்ரியாதான்.

"அம்மா அரிசி எதுக்கு? டாக்டர் வேண்டாம்னு சொன்னாரே."

ராஜஸ்ரீக்குப் புரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது.

"துப்பக் கூடாதுன்னு அப்படியே வச்சிண்டிருக்கேன்."

அடுத்தது.

"உன் கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு."

ராஜஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், அவள் சாத்திவிட்டு வந்த கதவு சாத்தியபடியே இருந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது.

"மறுபடியும் போடறே."

ஐஸ் டிரே கீழே விழுந்ததும் மாமா கூப்பிட்டதும் அவள் காதில் ஏறவில்லை. குடையில்லாமல் ஓடினாள்.

கூடத்தில் விளக்கு ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. பெண் வைத்தபடியே கிடந்தாள். மார்பின் மேல் போன். தலையணையில் நாலைந்து பச்சரிசி. உதட்டோரத்தில் இரண்டு. ராஜஸ்ரீ விரலால் உதட்டைப் பிரித்தாள். இரத்தத்தில் நனைந்த பஞ்சின் மேல், கன்னத்துக்குள், நாக்கடியில், எங்கும் அரிசி. சிவந்த அரிசி.

விரலை விட்டு வழித்து வழித்து வெளியே போட்டாள். "விஷ்ணு! விஷ்ணூ! கண்ணைத் தொறடி!"

பெண் அசையவில்லை. மூச்சு இருந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ராஜஸ்ரீயின் உயிர் போய்ப் போய் வந்தது. டாக்டருக்குப் போன் செய்தாள். "உடனே கொண்டு வரணும், வைகிக்கண்டா," என்றார் அவர்.

பின்வாசலில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

மாடம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தெருவில் ஏழெட்டு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள், வழக்கமாக மூன்று மணிக்கு வருவாள். கட்டிலைப் பார்த்தபடி வாயில் கையை வைத்திருந்தாள்.

"எம்மா... பிள்ள போயிட்டாளா?"

"என்ன பேசறே நீ! பல்லு எடுத்திருக்கு!"

"பின்ன என்னத்துக்கு எம்மா செத்த பொணத்துக்குக் கெட்டுத மாதிரி நாடியக் கெட்டி வச்சிருக்கிய? தலமாட்டுல வெளக்கு வேற! இந்த வீட்டுலயா?"

அப்போதுதான் ராஜஸ்ரீ பார்த்தாள். தன் கையால் கட்டிய கட்டை, ஏற்றிய விளக்கை, நீட்டிக் கிடக்கும் பெண்ணை. செத்தபோது தன் அப்பா கிடந்ததும் இப்படித்தான்.

மாடம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க இருந்தது சூடாமணியம்மா. அவியளுக்கு ஒத்தப் பொம்பளப் பிள்ள, ஒங்க பிள்ள வயசு. அந்தப் பிள்ள கொரோனாவுல ஆஸ்பத்திரியில செத்துப் போயிட்டு. பையில கெட்டி நேரா எரிக்கக் கொண்டுட்டுப் போயிட்டாவ. மொகத்தக் காட்டல. வாய்க்கரிசி போடணும்னு அந்தம்மா கையில அரிசியோட ஆம்புலன்ஸ் பொறத்த ஓடினாவ. நான்தான் பிடிச்சேன். அதுக்கப்பறம் சோறு தண்ணி இல்ல. கைய மட்டும் அந்த மருந்து போட்டுக் களுவிக்கிட்டே இருப்பாவ, 'கை சுத்தமாத்தான் இருக்கு, இனி கிட்ட விடுவாளா'ன்னு கேப்பாவ. நாப்பது நாள் தாங்கல, அவியளும் போயிட்டாவ."

ராஜஸ்ரீ பெண்ணின் உதட்டைத் துடைத்தாள். "வாய்ல அரிசி இருந்தது, மாடம்மா. ரெண்டு தடவை."

"ரெண்டு பிடியா?" மாடம்மாளின் முகம் வெளிறியது. "மூணாவது விளுந்தா பொணத்த எடுத்துரலாம்னுல்லா அர்த்தம்! அவுத்து எறிங்க எம்மா!"

ஐஸ் தண்ணீரில் ஊறிய முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கத்தரிக்கோலை எடுத்து முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டினாள். ஐஸ் பைகள் தரையில் விழுந்தன. பெண் கண் திறக்கவில்லை.

சமையலறையில் அரிசி டப்பாவின் மூடி திறக்கும் சத்தம்.

இருவரும் அசையவில்லை.

அரிசிக்குள் கை நுழையும் சரசரப்பு. ஒரு பிடி எடுத்து, கொஞ்சம் உதிர்த்து, மறுபடி அள்ளும் சத்தம். அவசரமே இல்லை. சானிடைசர் வாடை கூடத்துக்குள் மெல்ல வந்தது.

"பிள்ளையைத் தூக்கு," என்றாள் ராஜஸ்ரீ. தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "எதிராத்துக்குக் கொண்டு போ. மாமாகிட்ட வண்டியை எடுக்கச் சொல்லு."

"நீங்க?"

"கையில அரிசியோட வரா. போட வாய் இல்லைன்னா கொழந்தை பின்னாலேயே வருவா. அன்னிக்கு ஆம்புலன்ஸ் பின்னாடி ஓடலையா?"

மாடம்மாள் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

ராஜஸ்ரீ கட்டிலில் ஏறிப் படுத்தாள். வெட்டிய துணியைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிந்தாள். நீளம் போதுமாகத்தான் இருந்தது. எழுந்து ஓடிவிடத்தான் கால் துடித்தது. மாடம்மாளின் தோளில் தொங்கிய அந்தச் சின்னக் கையை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஈரப் பாதம் ஒன்று தரையில் பட்டது.

இன்னொன்று.

கட்டில் ஓரம் அழுந்தியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

ஒரு கை அவள் நெற்றியில் முடியை ஒதுக்கிவிட்டது. அந்தக் கையில் இருந்த பாசத்தை அவளால் தாங்க முடியவில்லை. தானும் இப்படித்தான் ஒதுக்கிவிடுவாள்.

"கொழந்தே," என்றது காதருகில் ஒரு குரல். "அம்மா வர நாழியாயிடுத்தாடி? விடமாட்டேன்னுட்டாடி."

ஜில்லிட்ட விரல்கள் உதட்டைப் பிரித்தன.

ராஜஸ்ரீ வாயைத் திறந்தாள்.

கரண்ட் வந்தபோது ஃபேன் சுற்றத் தொடங்கியது, விளக்கு அணைந்தது. அவள் தனியாகக் கிடந்தாள். வாய் நிறைய அரிசி. எதிர்வீட்டு வாசலில் விஷ்ணுப்ரியா இருமிக்கொண்டே கண் விழித்ததாகச் சாம்பசிவன் மாமா ஓடிவந்து சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டு, மயக்க மருந்து சிலருக்கு இப்படிச் செய்யும் என்று பெயர் தெரியாத ஏதோ ஒன்றைச் சொன்னார். ராஜஸ்ரீ தலையாட்டினாள். அன்று சாயங்காலமே அந்தத் துணியைக் கொண்டுபோய்க் கரமனை ஆற்றில் விட்டாள். மழைத் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போவதை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். வலியசாலையில் வேறு வீடும் பார்த்தாயிற்று. ஒன்றாம் தேதி காலியாகும் என்றார்கள்.

மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்துக்குப் போய் இறங்கியது. ஏழாம் நாள் தையலைப் பிரித்துவிட்டு, "ஒரு பிரச்சனையும் இல்லா. இனி எல்லாம் சாப்பிடலாம்," என்றார் டாக்டர் ஷிபு.

மத்தியானம் ரசம் சாதத்தைக் குழைத்துப் போட்டாள். விஷ்ணுப்ரியா ஒரு வாரப் பட்டினிக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள். பார்க்கப் பார்க்க ராஜஸ்ரீக்குக் கண் நிறைந்தது. தன் தட்டில் அளைந்துகொண்டிருந்தாள். எவ்வளவு குழைத்தாலும் இந்த ஒரு வாரமாக அவள் பல்லில் சோறு பச்சரிசியாகத்தான் நொறுங்கியது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வாயைத் தொறக்க முடியலையேன்னு விட்டுட்டேன்."

"கேளேன்."

"எனக்குத்தான் வீக்கம் போயாச்சே. நீ எதுக்கு மத்தியானம் தூங்கறச்சே அந்தத் துணியைத் தாடையில கட்டிண்டு படுத்துக்கறே?"

ராஜஸ்ரீயின் கை தட்டிலேயே நின்றது.

"நேத்திக்குக் கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டிண்டிருந்தியே, அது எதுக்கு? உனக்குமா ஐஸ் வைக்கணும்?" பெண் சிரித்துக்கொண்டே ரசத்தை உறிஞ்சினாள்.

அன்றைக்கு விழுந்தது விஷ்ணுப்ரியாவுக்கு வரவேண்டிய மூன்றாவது பிடி. தனக்கு அது முதல் பிடி என்பது ராஜஸ்ரீக்கு அப்போதுதான் உறைத்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சமையலறையில் அரிசி டப்பாவின் மூடி மெல்ல நகர்ந்தது.