ஒன்று போனால் ஆறு

பதினேழாம் எண் டம்பர் லாரியின் மூன்றாவது இன்ஜெக்டருக்கு இன்னும் முப்பத்தெட்டு மணி நேரம்தான் என்று ஆயுள்செவி சொன்னது. அது சொன்னால் சொன்னதுதான். நான்கு வருடத்தில் அரை மணிக்கு மேல் பிசகியதில்லை.

அப்பளம் அளவுள்ள தகடு அது. எஞ்சின் மேல் வைத்தால் அட்டை போல ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஓடும் ஒவ்வொரு பாகத்தின் அதிர்வையும் கேட்டு, அது எத்தனை மணி நேரத்தில் சாகும் என்று சொல்லும். பிறகு அந்தப் பாகத்தை மாற்றச் சொல்லித் தானே மாற்றாணை எழுதும், தானே உதிரிபாகத்தை வரவழைக்கும். அந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இப்போதெல்லாம் எந்த வண்டியும் பாதி வழியில் படுப்பதில்லை.

கொளஞ்சி அங்கே தலைமை மெக்கானிக். அவனுக்குக் கீழே ஐந்து பேர்.

"மூணாவது மட்டும்தானே போவுது?" என்றாள் ஐவரில் ஒருத்தியான பானுமதி. "மத்த அஞ்சும் நல்லாத்தானேண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கறது பேச்சில்ல. ஒரே டீசலக் குடிச்சு, ஒரே சூட்டுல வெந்ததுங்க. ஒண்ணு போனா ஆறையும் மாத்து."

முதல் வருடம் ஆயுள்செவியும் ஒன்றை மாற்று என்றுதான் எழுதியது. கொளஞ்சி அதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினான். நூறு தடவையாவது திருத்தியிருப்பான். அது கற்றுக்கொண்டது. கழற்றிய ஆறின் நுனியிலும் சுத்தியலால் ஒரு போடு போட்டுத்தான் பழைய இரும்பு டிரம்மில் எறிவான். எவனும் பொறுக்கிப்போய் வேறு வண்டியில் மாட்டிவிடக் கூடாது.

எஞ்சினிலிருந்து எடுத்ததும் தகட்டை அணைக்க வேண்டும் என்பது விதி. அணைத்தால் திரும்ப விழிக்க ஒன்பது நிமிடம் பிடிக்கும். அதனால் யாரும் அணைப்பதில்லை. கொளஞ்சியோடு பதினெட்டு வருடமாக வேலை செய்யும் சவரி அதை உயிரோடு சட்டைப் பையில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் இன்ஜெக்டர் கிளாம்பைப் பிடித்தான்.

"புதிய எந்திரம்," என்றது தகடு. "பம்ப் ஒன்று. வால்வு நான்கு. நான்காம் வால்வு, ஆயிரத்து நூறு மணி."

பட்டறையே சிரித்தது.

"மச்சான், என்னையும் வண்டின்னு நெனச்சிடுச்சுடா! ஆயிரத்து நூறு மணியாம். நம்ம ஓட்ட கிரேடர் வண்டிக்கு நான் தேவலாம்!"

கொளஞ்சியும் சிரித்தான். ஒரு டம்பருக்கு ஆயிரத்து நூறு மணி என்றால் மூன்று மாதம் தாங்கும். ஷிப்ட் முடிந்தால் அணைத்துவிடுவார்கள். அந்த இடத்தில் அவன் சிரிப்பு நின்றது. சவரியை யாரும் அணைப்பதில்லை. இருபத்து நாலால் வகுத்தான். நாற்பத்தாறு நாள்.

"ஏணி ஏறினா உனக்கு மூச்சு வாங்குதுல்ல?"

"தூசுடா. இங்க யாருக்கு வாங்கல?" சவரியின் குரல் இறங்கியது. "அத அழிச்சுடு மச்சான். ஆபீசுக்குப் போச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிருவானுங்க. ஸ்பேனர விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

கொளஞ்சி பட்டறைக் கணினித் திரையில் 'தவறான அளவீடு' என்று அடித்தான். 'சரிபார்க்க, அதே வகை எந்திரத்தில் வைக்கவும்' என்று பதில் வந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றித் தன் நெஞ்சில் வைத்தான். தனக்கும் அது ஏதாவது உளறினால் தகடு கெட்டுவிட்டது என்று எழுதி எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.

"இரண்டு லட்சம் மணி," என்றது தகடு.

இருபத்திரண்டு வருடத்துக்கு மேல். ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி சவரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தகடு பழுதில்லை. இரு அளவீடுகளும் ஏற்கப்பட்டன."

மறுநாள் சவரியைத் திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போனான். இதய வால்வு சுருங்கியிருந்தது. உடனே அறுத்தால் பிழைப்பான், இன்னும் ஒரு மாதம் விட்டால் பேச ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

"அந்தத் தகட்டுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும் மச்சான்," என்றான் சவரி, படுக்கையில் இருந்தபடி.

திங்கட்கிழமை காலை பட்டறை வாசலில் ஒரு வேன் நின்றது. புது ஆரஞ்சு உடையில் ஆறு பேர் இறங்கினார்கள். பொறியாளர் ஷெரீப் அவர்களை உள்ளே அழைத்து வந்தார்.

"சவரி ரெண்டு மாசத்துல வந்துருவான் சார்," என்றான் கொளஞ்சி. "அதுவரைக்கும் ஒரு ஆள் போதுமே. எதுக்கு ஆறு?"

ஷெரீப் திரையைத் திருப்பிக் காட்டினார்.

மாற்றாணை. பாகம்: மெக்கானிக். எண்ணிக்கை: ஆறு. காரணம்: ஒரே தூசி, ஒரே சூடு, ஒரே ஓட்டநேரம். விதி கற்பித்தவர்: கொளஞ்சி.

"எனக்கு இன்னும் இருபத்திரெண்டு வருசம் இருக்கு சார். அதுவேதான சொல்லிச்சு!"

"இருக்கலாம்ங்க. நாலு வருசமா அது சொன்னதுல நான் கை வச்சதில்ல. உங்க விதியிலயும் கை வச்சதில்ல."

அதன் கீழே கொளஞ்சி, சவரி உட்பட பழைய ஆறு பேரின் அடையாள எண்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கோடு. ஆயுள்செவி எல்லாச் சுரங்கங்களுக்கும் பொது. இனி எந்தச் சுரங்கத்தின் கதவும் இந்த எண்களுக்குத் திறக்காது. சுத்தியல் இல்லாமலே இவர்கள் நுனியிலும் ஒரு போடு போட்டாயிற்று.

பானுமதி கையுறையைக் கழற்றாமலே நின்றாள். "அண்ணே, நாம அஞ்சு பேரும் நல்லாத்தானே இருக்கோம்?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. நாலு நாளைக்கு முன்னால் இதே இடத்தில் நின்று அவளுக்குச் சொன்ன பதில்.

வந்தவர்களின் தலைவன் பதினேழாம் எண் டம்பரில் ஏறினான். கைதேர்ந்தவன் என்பது ஏறிய விதத்திலேயே தெரிந்தது. எஞ்சினிலிருந்து தகட்டைப் பிய்த்தான். அணைக்கவில்லை. சட்டைப் பையில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்தான்.

"புதிய எந்திரம்," என்றது தகடு.

ஆறு பேரும் சிரித்தார்கள்.