உள்ளே யாரோ இருக்கிறார்கள்

செவ்வாயில் உள்ள புதுக்கரைக் குடியிருப்பில், காலை இட்லி வரிசையில் யாராவது செத்து விழுந்தால் வரிசை கலையாது. பின்னால் நிற்பவர் ஓரடி முன்னே வருவார். ரோபோ வந்து உடலை எடுத்துப் போகும். "நேத்துகூட நல்லாத்தானே இருந்தார்" என்று யாராவது சொல்வார்கள். அங்கே இரங்கல் அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது.

காரணம், ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பதித்திருந்த அமர்த்தி என்னும் சிறு கருவி. உடம்புக்குள் கிருமி நுழைந்தால் நோயெதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்னும் தூதுப் புரதங்களை அனுப்பும். 'வேலையை நிறுத்து, படு, இங்கே சண்டை நடக்கிறது' என்று அவை மூளையிடம் சொல்லும். காய்ச்சல், உடம்புவலி, சோர்வு எல்லாம் அந்தச் செய்திதான். அமர்த்தி அதை மூளையின் வாசலிலேயே நிறுத்திவிடும். புதுக்கரையில் மருத்துவ விடுப்பு என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்டது. நிர்வாகத்துக்கு அதில் ஏகப் பெருமை.

பாசித் தொட்டியில் வேலை பார்த்த பூங்கோதைக்குக் குழாய் இடித்து அமர்த்தி உடைந்தது. அன்று மாலையே உடம்பு நடுங்கியது, பற்கள் தந்தியடித்தன, ஏதேதோ பிதற்றினாள். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. பேய் பிடித்துவிட்டது என்று பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விண்கலம் ஓட்டத் தெரிந்தவர்கள்தான், என்ன செய்ய?

டாக்டர் எஸ்தர் மட்டும் உள்ளே வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. இதுக்குப் பேரு காய்ச்சல். தொட்டியில புதுசா ஒரு கிருமி. அசையாமப் படுத்திருங்க, உடம்பே பாத்துக்கும்."

படுத்தாள், பிழைத்தாள். எழுந்ததும் கணவன் நன்மாறனை நினைத்துத்தான் பயந்தாள். கூடவே இருந்து கஞ்சி ஊட்டியவன் அவன்தான். அவன் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னாள்.

"உள்ள ஊரே பத்தி எரியுது," என்றார் எஸ்தர். "இவரு சீட்டி அடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"எனக்கு ஒண்ணுமில்ல கோதை. ஷிப்ட்டுக்கு வேற ஆள் இல்ல."

"ஏங்க, அது வாய் சொல்றது. உடம்பு என்ன சொல்லுதுன்னு ஒரே ஒரு தடவ கேளுங்க. எனக்காக."

அவன் தலையசைத்ததும் எஸ்தர் அவன் அமர்த்தியை அணைத்து, அதைத் திரும்பப் போடும் சிறு விசையைப் பூங்கோதையிடம் கொடுத்தார். "என்ன கெஞ்சினாலும் போடாதீங்க. போட்டா எழுந்து நடந்துடுவாரு. இதயம் தாங்காது."

மூளையின் வாசலில் தேங்கிக் கிடந்த செய்திகள் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தன. நன்மாறன் கட்டிலின் மூலையில் ஒடுங்கிக்கொண்டான். "கோதை, உள்ள யாரோ இருக்காங்க. கத்துறாங்க. விரட்டி விடு."

"அது நீங்கதாங்க," என்று அவள் அழுதாள்.

அவன் அவள் காலைப் பிடித்தான். அவளுக்கு அவன்மேல் உயிர். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம்தானே என்று விசையை அழுத்தினாள்.

முகம் தெளிந்தது. "அப்பாடா! பாத்தியா, சரியாப் போச்சு." விசையை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். அவள் திருப்பிக் கேட்கவில்லை. அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அதுவே போதும் போலிருந்தது.

மறுநாள் காலை இட்லி வரிசையில் சிரித்தபடியே விழுந்தான். பின்னால் நின்றவர் ஓரடி முன்னே வந்தார். எல்லோரும் பூங்கோதையைப் பார்த்தார்கள். நேற்று அவன் அலறியது அவள் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

"நேத்துகூட நல்லாத்தானே இருந்தார்," என்றாள்.

பிறகு நேராக எஸ்தரிடம் போனாள். காய்ச்சல் விட்டிருந்தும் தொண்டை எரிந்தது, நெஞ்சு வலித்தது. முடியை ஒதுக்கிக் காதின் பின்புறத்தைக் காட்டினாள்.

"புதுசா ஒண்ணு வெச்சு விடுங்க டாக்டர். அவரு ஷிப்ட்டுக்கு ஆள் இல்ல."