மரத்தூள் தொட்டி

கருங்குழியைத் தாண்டியிருந்த பலகைத் தொழிற்சாலையில் தீயணைப்பு வண்டி வந்து நின்றபோது நல்ல வெயில். தொழிலாளர்கள் வெளியே வேப்பமரத்தடியில் கூடியிருந்தார்கள். கொட்டகைக்குள் ஆளுயர இரும்புத் தொட்டி. உள்ளே குவிந்திருந்த மரத்தூள் அடியில் கனன்று, மூடிய கதவிடுக்கில் புகை கசிந்தது.

"கதவத் தொறக்கக் கூடாது. தண்ணிய வேகமா அடிக்கவும் கூடாது" என்றாள் நிலைய அலுவலர் சங்கரி. "தூள் காத்துல கெளம்பிச்சுன்னா அவ்ளோதான், வெடிச்சிடும். மேல் ஓட்ட வழியா பனி மாதிரி தூவு."

தீயணைப்பு வீரன் ஃபர்தீன் குழாய் முனையைத் திருப்பினான்.

டொக். டொக்.

உள்ளிருந்துதான்.

பிறகு ஒரு பெண்ணின் இருமல். "கதவத் தொறங்க... மூச்சு முட்டுது..."

"மேடம், உள்ள ஆளு கீது!"

"எல்லாரும் வெளிய வந்தாச்சு. நானே பாத்தேன்."

தூள் அள்ளும் கன்னியம்மா தடுத்தவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என் தங்கச்சி கண்ணகி கொரலு அது. போன வருசம் இதே தொட்டில மாட்டிக்கினு செத்தா. தொறக்காதீங்க மேடம்! கொரலு அவளுது. ஆனா அது அவ இல்ல."

இருமல் நின்றது.

அடுத்து கேட்டது ஒரு குழந்தையின் குரல்.

"அத்தா... சுடுது அத்தா..."

"ஜன்னா!" ஃபர்தீன் குழாயைக் கீழே போட்டான். அவன் மகள் ஊரப்பாக்கத்தில் பள்ளியில் இருப்பாள். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் ஓடினான். சங்கரி எட்டிப் பிடித்தாள், சட்டை நழுவியது. தாழ்ப்பாள் திறந்தது.

முதலில் பெருமூச்சு போல ஒரு சத்தம். அந்த அதிர்வில் உத்திரத்தில் படிந்திருந்த தூள் மொத்தமும் உதிர்ந்தது. இரண்டாவது வெடியில் கூரையே பறந்தது.

கன்னியம்மா அங்கேயே செத்துப்போனாள்.

சாயங்காலம், தீக்காய வார்டில், கையில் கட்டோடு சங்கரி ஃபர்தீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே தாயோடு ஜன்னா நின்றிருந்தாள்.

"தொட்டில யாரும் இல்ல, ஃபர்தீன். தேடிட்டோம்."

"எப்டி இருப்பா?" கருகிய உதடுகள் அசைந்தன. "நான்தான் தொறந்து வுட்டேனே. வெளிய வந்துட்டா மேடம்."

அதோடு அவன் மூச்சு அடங்கியது.

சங்கரி போர்வையை அவன் முகத்துக்கு இழுத்தாள். வெள்ளைத் துணியில் பழுப்பாக ஏதோ படிந்தது. நிமிர்ந்தாள்.

வார்டு முழுக்க மரத்தூள் மிதந்துகொண்டிருந்தது.

ஆக்சிஜன் சீறிக்கொண்டிருந்தது.

"பாப்பாவத் தூக்கினு ஓடுங்க!" என்று அலறினாள். கண்ணாடிக்கு அப்பால் யாருக்கும் கேட்கவில்லை.

ஆளில்லாத மூலையில், யாரோ தீக்குச்சியை உரசினார்கள்.