காணாமல் போன கார்டு

காலை ஒன்பது மணி. கணினி ஓடியது. திரையில் படமும் வந்தது. ஆட்டம்தான் நத்தையாய் ஊர்ந்தது. சந்தேகப்பட்டுப் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிய சின்னவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டத்தை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டைக் காணோம்.

மாலை ஆறு மணிக்கு அவளுக்கு ஆன்லைன் விளையாட்டு அணித் தேர்வு. கார்டு இல்லாவிட்டால் தேர்வும் இல்லை.

போலீஸ் இன்ஸ்பெக்டரான சித்திக்கு அன்று விடுமுறை. வந்ததும் பெட்டியின் முன்புறத்தை விட்டுவிட்டுப் பின்புறத்தைத்தான் பார்த்தாள். கார்டு இருந்த இடத்தில் தகடு ஒன்று கச்சிதமாகத் திருகப்பட்டிருந்தது. வழக்கமாகக் கார்டில் இருக்கும் மானிட்டர் கேபிள் நேராக மதர்போர்டில் செருகப்பட்டிருந்தது.

"கடைசியா எப்ப ஒழுங்கா ஓடுச்சு?"

"நேத்து சாயங்காலம். நடுவுல ரெண்டு தடவை தானா அணைஞ்சுது. கரண்டு இருந்துச்சு சித்தி."

"சாமானெல்லாம் தேர்ந்தெடுத்துப் பெட்டியைக் கட்டினது யாரு?"

"அண்ணன்தான். பட்ஜெட் இடிச்சுது. கரண்டு கொடுக்கிற பவர் சப்ளையில மிச்சம் பிடிச்சு நல்ல கார்டா வாங்கிக் கொடுத்தான். என் பிரெண்ட்ஸ் எல்லாருக்கும் பொறாமை."

மாடி வீட்டு இளைஞனுக்கு அந்தக் கார்டின் மேல் நெடுநாள் கண். "ஆசை இருந்துச்சு மேடம். ஆனா என் பெட்டி குள்ளம், இது உள்ளயே நுழையாது" என்றான். சித்தி போய் அளந்து பார்த்தாள். உண்மைதான்.

சின்னவளின் அப்பாவுக்கு விளையாட்டு என்றாலே எரிச்சல். "நான் எடுக்கிறதா இருந்தா பெட்டியோட தூக்கியிருப்பேன். அதுக்குள்ள எது கார்டுன்னு யாருக்குத் தெரியும்?"

"அதுவும் சரிதான் அத்தான்" என்ற சித்தி, வாசலில் நகம் கடித்துக்கொண்டிருந்த அண்ணன்காரன் பக்கம் திரும்பினாள்.

"எங்கடா வச்சிருக்கே?"

அவன் தலை தொங்கியது.

"திருடன்னா பிடுங்கிட்டு ஓடியிருப்பான். இவன் தங்கச்சிக்குப் படமாவது வரட்டும்னு கேபிளை மாத்திக் குத்தியிருக்கான். தூசி போகாம தகடும் போட்டிருக்கான். பெட்டி மேல இவ்வளவு பாசம் அதைக் கட்டினவனுக்குத்தான் இருக்கும். ஏன்டா, நேத்து அது அணைஞ்சதும் உனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு, இல்லையா?"

"அந்த மட்டமான சப்ளை கார்டோட பாரத்தைத் தாங்கல சித்தி. இன்னும் ஓட்டினா கார்டே கருகிடும்னு பயம். வேற சப்ளை வாங்கிட்டு வந்து யாருக்கும் தெரியாம மாட்டிடலாம்னு கழட்டினேன். நேத்து ராத்திரி நான் போறதுக்குள்ள கடையைச் சாத்திட்டான்."

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"பார்க்கிறவங்க கிட்டல்லாம் என் பெருமையையே பேசுறா. அவகிட்ட போயி, நான் சொதப்பிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அவன் அலமாரியைத் திறந்து, தன் சட்டைகளுக்கு அடியிலிருந்து துண்டில் சுற்றிய கார்டை எடுத்து நீட்டினான். சின்னவள் வாங்கிக்கொண்டாள். முகத்தில் கோபம் இருந்தது. கண் கலங்கியும் இருந்தது.

அப்பா அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். "கடை திறந்திருக்கும். ஏறுடா வண்டியில."

அண்ணன் தயங்கி நின்றான்.

"போயிட்டு வா" என்றாள் சின்னவள். "வேற யாரையும் இதைத் தொட விடமாட்டேன். நீதான் வந்து மாட்டணும்."