நிலாவாக மாறிய களம்

கோடை விடுமுறையில் போளூர் மாமா வீட்டு டிவியில் பார்த்த விண்வெளித் தொடர், சாமை அறுப்பு வந்த பிறகும் செந்தாமரையின் தலையை விட்டுப் போகவில்லை. அவளுடைய மலையூருக்கு இன்னும் மின்சாரமே வரவில்லை. அதனால் என்ன? அதே கதையைத் தாங்களே நடித்துவிடலாம் என்று முடிவுகட்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கோபால்தான் இயந்திர மனிதன். ஒரு தகர டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். செந்தாமரை விண்வெளித் தலைவி. அப்பா காட்டிலாகா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் பழைய பூட்ஸ் அவள் காலில் தொளதொளத்தது.

நிலாவுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. ஊர்க்கோடியில் மங்கம்மாள் அத்தையின் களத்தைப் பார்த்ததும் துள்ளினாள். புல் பூண்டு இல்லாமல் வட்டமாக, பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் மண்ணும் சாணியும் குழைத்து மெழுகியிருந்தார்கள்.

"வாணாம்க்கா. களத்துல செருப்போட ஏறக்கூடாது," என்றான் கோபால், டப்பாவுக்குள்ளிருந்து.

"இது களம் இல்லடா, நிலா! டிவியில பூட்ஸோடதான் எறங்குனாங்க. தடம் பதியணும், அதான் அழகு."

தொம் தொம் என்று குதித்தாள். ஈர மண்ணில் பள்ளம் பள்ளமாகத் தடம் விழுந்தது. கோபால் ஓரத்திலேயே நின்றுவிட்டான்.

மறுநாள் காலையில் பள்ளங்கள் காய்ந்து இறுகிக் கிடந்தன. செந்தாமரையும் கோபாலும் அந்தப் பக்கம் வந்தபோது, மங்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு மாடு கட்டிச் சாமை மிதிக்கணும். பொடிப்பொடி சாமை, பாதி இந்தக் குழிங்கள்லயே பூந்துக்குமே! சாமி கும்புடற எடத்துல இன்னா வேலைடா இது, கோபாலு? டப்பாவ மாட்டிக்கினு நீதான இங்க சுத்திக்கினு இருந்த?"

கோபால் செந்தாமரையைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அவளுக்கு ஓடிப்போய் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. வேண்டாம் என்றவன் திட்டு வாங்குகிறான்; குதித்தவள் சும்மா நிற்கிறாள். நல்ல தலைவிதான்!

"அத்தே, அவன் ஏறவே இல்லீங்க. நான்தான். அப்பா பூட்ஸ போட்டுக்கினு..."

"பூட்ஸோடயா? ஏறக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

தெரியும். அதைச் சொல்லத்தான் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தெரியுங்க அத்தே. இன்னிக்கே நானே மெழுகிக் குடுத்துர்றேன்."

மாட்டுக்கொட்டகைக்கும் களத்துக்குமாகச் சாணிக்கூடையோடு நடந்தாள். பள்ளங்களை நனைத்து, மண் போட்டு இடித்து, உள்ளங்கையால் மெழுகினாள். கோபால் தகர டப்பாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"நீ எதுக்குடா?"

"வேலை செய்யாட்டி அப்பறம் இன்னா இயந்திர மனுசன்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மத்தியான வெயிலில் களம் காய்ந்தது. மங்கம்மாள் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ம்," என்றார். அவ்வளவுதான்.

சாமை மிதித்து, தூற்றி, மூட்டை கட்டி முடிந்த அன்று அவரே கூப்பிட்டனுப்பினார்.

"அந்த நிலாக் கதைய எங்களுக்கும் காட்டு, பார்க்கலாம்."

வைக்கோல் மேல் ஊரே உட்கார்ந்தது. செந்தாமரையின் விண்கலம் நிலாவை நெருங்கியது. களத்தின் ஓரத்தில் நின்று, குனிந்து, பூட்ஸ் இரண்டையும் கழற்றி வெளியே வைத்தாள்.

"டிவியில இப்டியாக்கா எறங்குனாங்க?" என்று டப்பா கிசுகிசுத்தது.

"அது அவங்க நிலாடா. இது நம்ம நிலா," என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு இறங்கினாள் தலைவி.