தவறான வரிசையில் ஓர் அட்டை

கடைசி வரிசையில் ஒரு மீசை உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த குட்டி நாற்காலி அது. முழங்கால்கள் இரண்டும் மார்பைத் தொட, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தான் அந்த மனிதன். கண்கள் மட்டும் நெளியவில்லை. வகுப்பை ஒரு சுற்று மேய்ந்துவிட்டு, பலகையில் எழுதிவிட்டுத் திரும்பிய டீச்சரிடம் வந்து நின்றன.

"யாரு நீங்க?"

"ஹெச்.எம். மேடம்தான் உட்காரச் சொன்னாங்க... கொஞ்ச நேரம் கவனிக்கணும். நீங்க நடத்துங்க டீச்சர்."

கவனிக்கணுமாம்! அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் அக்கா போனில் குழைந்தது ஞாபகம் வந்தது. "இன்னைக்கு அந்த நீலப் புடவைய கட்டிக்கோடி... சும்மாதான் சொல்றேன்." அக்கா எதையும் சும்மா சொல்கிற ஆள் இல்லை. அதனாலேயே டீச்சர் பீரோவின் அடித்தட்டிலிருந்து சாயம் போன பழுப்புப் புடவையை உருவிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

போன தடவை இப்படித்தான் ஒருவன் வந்தான். அண்ணன் பையனுக்கு அட்மிஷன் வேண்டும் என்றான். அவளும் வெள்ளந்தியாய் அரை மணி நேரம் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டினாள். அண்ணனும் இல்லை, பையனும் இல்லை. அக்கா அனுப்பிய மாப்பிள்ளை அவன்! 'பொண்ணு ரொம்ப வாயாடி' என்று சொல்லிவிட்டுப் போனானாம். வேண்டாம் என்றதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. தனக்குத் தெரியாமல் தன்னை எடை போட்டானே... அதுதான் இன்னும் ஆறவில்லை. இனி ஒருத்தனும் அப்படித் தன்னைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்று அன்றே முடிவு செய்திருந்தாள்.

சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. கையில் புதுக் கடிகாரம். சந்தேகமே இல்லை... இவனும் அக்கா சேர்த்து வைத்திருக்கும் ஜாதகக் கட்டிலிருந்து வந்தவன்தான்.

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. பலகையில் ஒரு படம் தொங்கியது. பெட்டியோடு மழையில் நிற்கும் ஒரு பெண். பக்கத்தில் மூன்று தலைப்புகள்: 'பார்த்தது', 'நினைத்தது', 'கேட்கணும்'. பிள்ளைகள் கையில் சொல் அட்டைகள். ஒவ்வொன்றாக வந்து சரியான தலைப்பின் கீழ் ஒட்ட வேண்டும். ஏன் அங்கே ஒட்டினோம் என்று காரணமும் சொல்ல வேண்டும்.

'பெட்டி' பார்த்ததில் போனது. 'பயணம்' நினைத்ததில் போனது. 'சோகம்' வந்ததும் சண்டை ஆரம்பித்தது.

"பார்த்ததுலதான் டீச்சர்! கண்ணுல தண்ணி தெரியுது!"

"அது மழைத்தண்ணிடா!" என்றாள் ஒரு சிறுமி, அட்டையை மூக்கோடு ஒட்டிப் பிடித்தபடி. ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் கேள்விக்குறி. "அந்த அக்காகிட்ட கேட்டாத்தானே தெரியும்? கேட்கணும்ல வைங்க டீச்சர்."

டீச்சர் தன்னை மறந்து சிரித்தாள். சிரித்த வேகத்தில் பார்வை பின்வரிசைக்குப் போனது. மீசைக்குக் கீழேயும் ஒரு சிரிப்பு... சட்டென்று தன் சிரிப்பை விழுங்கினாள். இதையும் குறித்துக்கொள்கிறான் போலிருக்கிறது. இரு, உனக்கு வைக்கிறேன் வேட்டு!

"பிள்ளைங்களா, படம் போதும். பின்னாடி ஒரு சார் உட்கார்ந்திருக்காரே... அவரைப் பத்திச் சொல் அட்டை எழுதுங்க பார்ப்போம்."

வகுப்பே குதூகலித்தது. மீசை, கடிகாரம், கூச்சம், வேலைவெட்டி இல்லாதவர்... அட்டைகள் பறந்தன. ஒரு வாண்டு 'மாப்பிள்ளை' என்று எழுதி நீட்டியது. "இது எங்க டீச்சர்?"

"பார்த்ததுல வை."

"எப்படி டீச்சர்? அவர்கிட்ட கேட்கவே இல்லையே..." என்றாள் கேள்விக்குறி.

"வைன்னா வை!"

மணி அடித்தது. வராந்தாவில் அவனை மடக்கினாள். தூணோரம் பை நிறையப் புத்தகங்களோடு மழைக்கு ஒதுங்கி நின்ற விற்பனையாளர் ஒருவரை அவள் சட்டை செய்யவில்லை.

"பார்த்து முடிச்சாச்சா?"

"இல்லீங்க... நாளைக்கும் வர வேண்டியிருக்கும்."

"எதுக்கு? நடக்கவிட்டுப் பார்க்கவா? பல்லைக் காட்டணுமா?"

"பல்லு என் வேலை இல்லீங்களே..."

"கிண்டல் வேறயா! என் அக்காகிட்ட போய்ச் சொல்லிடுங்க. நான் ஒண்ணும் கடைப்பொருள் இல்ல. ஒளிஞ்சிருந்து பொண்ணு பார்க்கிற ஆளோட முகத்துல முழிக்கக்கூட எனக்கு இஷ்டமில்ல!"

அவன் முகம் சுண்டிப்போனது. மழை மேகம் மாதிரியே கறுத்திருந்த அந்தக் கண்களில் ஏதோ ஒன்று அணைந்தது. "நான் யார்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையில்லாமல் மழையில் இறங்கினான்.

நடிப்பு... என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கண்கள் கூடவே வந்தன.

சாயங்காலம் அக்கா போனில் பொரிந்து தள்ளினாள். "ஏன்டி, என் மானத்தை வாங்கணும்னே இருக்கியா? புஸ்தகம் விக்கிற மாதிரி வந்த மாப்பிள்ளை பயந்து ஓடியே போயிட்டாரு! வராந்தாவுல யாரையோ போட்டுக் காய்ச்சிட்டு இருந்தியாமே?"

"புஸ்தகமா...? அப்போ அந்த மீசை?"

"எந்த மீசை? மாப்பிள்ளைக்கு மீசையே கிடையாது!"



மறுநாள் ஆசிரியர் அறைச் சுவரில் எழுத்து எழுத்தாய்ச் சிறுத்துக்கொண்டே போகும் கண் பரிசோதனை அட்டை தொங்கியது. வெள்ளைக் கோட்டும் சின்ன டார்ச்சுமாக அந்த மீசைக்காரன் நின்றுகொண்டிருந்தான். "யாரெல்லாம் அட்டைய மூக்குக்கிட்ட வச்சுப் படிக்கிறாங்கன்னு பார்க்க உங்க வகுப்புதான் தோதுன்னு நான்தான் இவரை அனுப்பினேன்மா. உங்ககிட்ட சொல்ல மறந்தே போச்சு," என்றார் ஹெச்.எம்., வெகு சாதாரணமாய்.

மன்னிப்புக் கேட்க நான்கு தடவை வாசல்வரை போனாள். நான்கு தடவையும் அவன் தலை நிமிரவில்லை. ரொம்பத்தான்! என்று ரோஷம் வந்தது. போதாக்குறைக்கு இன்னொரு சந்தேகமும் குடைந்தது. பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்... என்னை ஏன் அப்படிப் பார்த்தார்?

அடுத்த வாரம் கண்ணாடிகள் வந்தன. கேள்விக்குறி புதுக் கண்ணாடியோடு ஓடி வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "டீச்சர்! உங்க மூக்குல ஒரு மச்சம் இருக்கு!" பலகைப் பக்கம் திரும்பினாள். "அய்... எல்லாம் தெரியுது!"

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. கண் சரியாகத் தெரியாமல்தானே குழந்தை இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது! வாயாடி என்று ஒருவன் சொன்னதற்கு நொந்துகொண்டவள், தானும்தானே பெயர் வைத்துக் கூப்பிட்டாள்? யாரையும் கேட்காமலேயே எத்தனை அட்டைகளை ஒட்டியிருக்கிறோம்...

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, மிச்சமிருந்த கண்ணாடிக் கூடு ஒன்றைக் கொடுக்க அவன் வந்தான். மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"நில்லுங்க..." அவள் மேஜைமேல் மூன்று தலைப்புகளையும் பரப்பினாள். 'மாப்பிள்ளை' அட்டையை எடுத்து 'நினைத்தது' பக்கம் வைத்தாள். "முதல்லயே இங்கதான் வச்சிருக்கணும். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

 அவள் புதிதாய் ஓர் அட்டையை எழுதி 'கேட்கணும்' கீழே வைத்தாள். 'என்னை ஏன் பார்த்தீங்க?'

மீசை லேசாகத் துடித்தது. "முதல்ல பிள்ளைங்களைத்தாங்க பார்த்தேன். சத்தியமா. அந்தப் பொண்ணு மழைத்தண்ணின்னு சொன்னதும் நீங்க சிரிச்சீங்க பாருங்க... அதோட என் வேலை கெட்டுச்சு. அதான் நாளைக்கும் வரணும்னு சொன்னேன்."

மழை ஜன்னலைத் தட்டியது. 

"எனக்கும் ஒரு அட்டை தர்றீங்களா?" வாங்கி, மறைத்து மறைத்து எழுதினான். எங்கே வைப்பதென்று தயங்கி, கடைசியில் 'நினைத்தது' வரிசையின் ஓரத்தில் பயந்து பயந்து வைத்தான்.

'டீச்சருக்கு என்னைப் பிடிச்சிருக்கு.'

அவள் குனிந்து அதைப் படித்தாள். "இது... தப்பான இடத்துல இருக்கு."

அவன் முகம் தொங்கிவிட்டது. "மன்னிச்சுக்கோங்க... எடுத்துடறேன்."

அவன் விரல் தொடுவதற்குள் அவள் விரல் அட்டையின்மேல் இருந்தது. மெல்ல நகர்த்திக்கொண்டு போய் 'பார்த்தது' கீழே வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்கிறீங்க..." குரல் உள்ளே போய்விட்டது. "என் கண்ணுல இருக்கிறது மட்டும் தெரியலையா?"