வெறும் பக்கத்துக்குப் பத்து மார்க்

குருவிக்குக் கண் சொக்கியது. ஓயாமல் பேசுவதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். ஆனால் இன்று வாயே திறக்கவில்லை. காலையிலிருந்து கணினி முன்னால் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது.

இணைய வகுப்பில் ஒரு கட்டுரைக்கு மூன்று விதமாக மார்க் விழும். டீச்சர் போடுவது, கூடப் படிப்பவர்கள் போடுவது, தனக்குத் தானே போட்டுக்கொள்வது. கூடப் படிப்பவர்கள் எதையும் திறந்தே பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் பத்து போட்டுவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்.

குருவியும் அப்படித்தான் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியாக ஒரு பையனின் கட்டுரை. வகுப்பில் எந்நேரமும் கொட்டாவி விடுவதால் அவன் பெயரே கொட்டாவி. எல்லாரும் அவனுக்குப் பத்து போட்டிருந்தார்கள். கை தவறி அந்தக் கட்டுரை திறந்துகொண்டது.

உள்ளே ஒன்றுமே இல்லை. வெள்ளைவெளேரென்று வெறும் பக்கம்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் மணியைப் பார்த்தாள். இன்று சாயங்காலத்துக்கு மேல் எதையும் மாற்ற முடியாது. நாளைக்கு டீச்சர் திறந்தால், பாவம், அவனுக்கு முட்டைதான்.

"அம்மா, போன் குடேன்."

வேலையிலிருந்து வந்து அப்போதுதான் சாய்ந்திருந்தாள் அம்மா. "யாருக்கு?"

"கொட்டாவிக்கு."

"அதுக்கு எதுக்குப் போன்? நானே விட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்று அலுத்துக்கொண்டே கொடுத்தாள்.

"நீ அனுப்பினது வெறும் பக்கம்டா" என்றாள் குருவி.

"சும்மா சொல்லாதே. எல்லாரும் பத்து போட்டிருக்காங்க."

"யாருமே திறந்து பார்க்கலை. நானும் பார்த்திருக்க மாட்டேன்."

அவன் திறந்து பார்த்தான். "தூக்கக் கலக்கத்துல மாத்தி அனுப்பிட்டேன்போல" என்றான்.

"சரி விடு. இப்பவே சரியானதை அனுப்பு."

அனுப்பினான். குருவி வரி விடாமல் படித்தாள். இரவெல்லாம் அழும் தம்பிப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதைப் பற்றி எழுதியிருந்தான். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் எட்டுதான் போட்டாள்.

"ஏன் எட்டு?"

"கடைசியில பாப்பா தூங்கிச்சா இல்லையான்னு நீ சொல்லவே இல்லையே."

"எங்கே தூங்கிச்சு?"

"அதை எழுது."

எழுதினான். பிறகு, "உன்னோடதை நான் படிக்கட்டுமா?" என்று கேட்டான்.

"படி. படிக்காம பத்து போட்டே, அப்புறம் பேச மாட்டேன்."

நன்றாகவே படித்தான். "சொன்னதையே ரெண்டு தடவை சொல்லியிருக்கே" என்று ஆறு போட்டான்.

குருவிக்குச் சுருக்கென்றது. திரும்பப் பார்த்தால் உண்மைதான். ஒருத்தனாவது முழுசாகப் படித்தானே என்று அந்தக் களைப்பிலும் சந்தோஷமாக இருந்தது.

தனக்குப் போட்டிருந்த பத்தை அழித்துவிட்டு, ஏழு போட்டுக்கொண்டாள். அவன் போட்டதைவிட ஒன்று கூடத்தான். என்ன இருந்தாலும் அவளே எழுதியதாயிற்றே.